மகிழ்மதியில் அம்மா

கடந்த நவம்பரில் ஒரு காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். கதையிலோ படத்திலோ வரும் ஓர் ஊருக்கு நிஜமாகவே டிக்கெட் கிடைத்தால் எந்த ஊருக்குப் போவீர்கள்? பத்து நிமிடத்தில் முடிக்க நினைத்த பகுதி. அழைப்புகள் நிற்கவே இல்லை. கிள்ளானிலிருந்து ஒரு கல்லூரி மாணவி ஹாக்வார்ட்ஸ் என்றார். தைப்பிங்கில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், "மகிழ்மதிதான்மா. ஆனா கட்டப்பா பக்கத்துல மட்டும் என்னைய நிக்க வெச்சிடாதீங்க" என்றார். சிரித்து முடிக்கவே ஒரு பாட்டு போட வேண்டியிருந்தது.

அன்று மாலை சிரம்பானில் வீட்டுக்கு வந்தால் அக்கா மகன் கவின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயது பதினொன்று. "ஊரையே கேட்டீங்க சித்தி. என்னைய கேக்கல."

கேட்டேன். முதலில் லண்டன் என்றான். அவன் தப்பில்லை. ஹாரி பாட்டர் படங்களை எடுத்த லீவ்ஸ்டன் ஸ்டூடியோவை அவன் யூடியூபில் பார்த்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போர் விமானம் கட்டிய தொழிற்சாலை அது. படங்கள் முடிந்த பிறகு செட்டுகளைப் பிரித்துப் போடாமல் 2012 மார்ச் 31 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். மாணவர்கள் சாப்பிடும் பெரிய மண்டபத்தின் தரை உண்மையான யார்க்‌ஷயர் கல். பத்து வருடப் படப்பிடிப்பைத் தாங்க வேண்டும் என்று முதல் படத்திலேயே போட்டது. ஆனால் அந்தக் கோட்டை மட்டும் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் கட்டிய மாதிரிதான். 2023-ல் தோக்கியோவிலும் இதே போல ஒன்றைத் திறந்திருக்கிறார்கள்.

மூன்று பேருக்கு லண்டன் டிக்கெட் விலை பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"அப்ப மகிழ்மதி" என்றான் கவின், பேரம் பேசுகிறவன் போல. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பாகுபலி செட் ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில் இன்னமும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். ஹைதராபாத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம், ஏறக்குறைய நான்கு மணி நேரம். அம்மாவையும் கூட்டிப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு வயது அறுபத்தேழு. இதற்கு முன் ஒரே ஒரு முறை, கோயில் குழுவோடு பழனி, திருப்பதி போய் வந்தவர். "சினிமா கொட்டாய் பாக்க எதுக்குடி இந்தியா?" என்று கேட்டார். அப்புறம் மறுநாளே கடப்பிதழைத் தேடி எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

கிளம்பிய நாள் விடியற்காலையிலேயே விமான நிலையத்தில் இருந்தோம். சிரம்பானிலிருந்து கேஎல்ஐஏ பக்கம்தான். நாங்கள் போய்ப் பசியாறவும் நேரம் இருந்தது. விமானம் மேலே ஏறியதும் அம்மா சன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். 1998-ல் அந்த விமான நிலையம் திறக்கப்படும் முன் அந்த நிலமெல்லாம் தோட்டம். இப்போதும் சுற்றிலும் செம்பனைதான், மேலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகப் பச்சை நட்சத்திரம் குத்திய பாய் மாதிரி இருக்கும். "லாபு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கவின் கைப்பேசியில் வரைபடத்தைத் திறப்பதற்குள் மேகம் வந்துவிட்டது.

அம்மா பிறந்ததும் கல்யாணம் ஆனதும் நாங்கள் பிறந்ததும் லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டியவர். அப்பா ஸ்டோரில் வேலை பார்த்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நெகிரி செம்பிலானில் பாதித் தோட்டங்களின் கதை இதுதான், இதைப் படிக்கும் பல பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ராமோஜி பிலிம் சிட்டி ஹைதராபாத் நகரத்துக்கு வெளியே, விஜயவாடா நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. 1996-ல் ராமோஜி ராவ் கட்டியது. ஊறுகாய் வியாபாரத்திலும் கால் வைத்தவர், 'ஈநாடு' தெலுங்கு நாளிதழைத் தொடங்கியவர், 2024 ஜூனில் காலமானார். ஒரு இயக்குநர் கையில் கதையோடு உள்ளே வந்தால் முடிந்த படத்தோடு வெளியே போகலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. உள்ளே இரயில் நிலையம் இருக்கிறது, இரயில் வராது. விமான நிலையம் இருக்கிறது, விமானம் பறக்காது. சிறைச்சாலை, மருத்துவமனை, மொகலாயத் தோட்டம், புராணத் தொடருக்காகக் கட்டிய அரண்மனை வீதி எல்லாம் உண்டு. சில கட்டடங்களுக்கு முன்னால் ஒரு முகம், பின்னால் வந்தால் வேறு முகம்.

பக்கமெல்லாம் திறந்த சிவப்புப் பேருந்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த இளைஞர் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். குரல் நல்ல குரல், மூச்சு எங்கே விடுவது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொழில் புத்தி, மன்னிக்கவும். உலகத்திலேயே பெரிய ஸ்டூடியோ, கின்னஸில் பதிவானது, 1,666 ஏக்கர் என்று அவர் சொன்னதும் பேருந்தே கை தட்டியது.

அம்மா என் பக்கம் சாய்ந்தார். "எத்தன ஏக்கரு?"

"ஆயிரத்து அறுநூத்து அறுபத்தாறு."

"நம்ம தோட்டம் ரெண்டாயிரத்துச் சொச்சம்" என்றார். "மூணு டிவிசன்." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க யாரும் கைதட்டல" என்று சிரித்தார்.

பாகுபலி செட்டுக்குப் போவதற்கு முன் ஓர் அரங்கத்துக்குள் கூட்டிப் போனார்கள். படம் எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டும் காட்சி. பார்வையாளர்களிலிருந்து ஒரு பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, 'ஷோலே' படத்தில் வருவது போல ஒரு குதிரை வண்டியில் உட்கார வைத்தார்கள். குதிரை கிடையாது. வண்டியை ஆட்டுகிறார்கள், முகத்துக்குக் காற்றடிக்கிறார்கள், அந்தப் பெண் சாட்டையைச் சுழற்றுகிறார். அடுத்து வேறு நாலு பேரைக் கூப்பிட்டுக் குளம்புச் சத்தம், சக்கரச் சத்தம், காற்றுச் சத்தம் எழுப்ப வைத்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் போட்டால், அந்தப் பெண் கொள்ளையரிடமிருந்து தப்பித்துக் காட்டு வழியில் பறந்துகொண்டிருக்கிறார்!

கல்லூரியில் ஊடகவியல் படித்தபோது இதைப் பாடமாகப் படித்தேன். தேர்வுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினால் குதிரை வருவது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. கவின் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். அம்மா மட்டும் ஆச்சரியப்படவே இல்லை.

"இதெல்லாம் எங்களுக்குச் சின்ன வயசுலயே தெரியும்" என்றார். "நாங்க படம் பாத்தது திரைக்குப் பின்னால."

இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. தோட்டத்தில் படம் போடுவது எனக்கு நினைவிருக்கிறது. திருவிழாவுக்கு, தீபாவளிக்கு, சில சமயம் சம்பள வாரத்தில், டவுனிலிருந்து வேன் வரும். திடலில் இரண்டு கம்பம் நட்டுத் திரை கட்டுவார்கள். கட்டுவதில் அப்பாதான் முதல் ஆள், காற்றடித்தால் திரை பாய்மரம் மாதிரி உப்பும் என்று நான்கு முனையிலும் கல் கட்டித் தொங்க விடுவார். நாங்கள் பாயோடு போய் முன்னால் இடம் பிடிப்போம். எங்கள் காலத்தில் அவ்வளவுதான்.

அம்மா காலத்தில் கூட்டம் அதிகமாம். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் நடந்து வருவார்கள். முன்பக்கம் பெரியவர்கள், கிராணி வீட்டார், கங்காணி வீட்டார். பிள்ளைகளைத் திரைக்குப் பின்புறம் விரட்டிவிடுவார்கள். துணித் திரை என்பதால் பின்னாலும் படம் தெரியும், ஆனால் இடம் வலமாக மாறித் தெரியும். "எல்லாரும் எடது கையால கத்தி சுத்துவாங்க. எம்ஜியாரும் எடது கைதான். 'மாயா பஜார்'ல ரங்காராவ் லட்டு சாப்புடுவாரில்ல, அதுவும் எடது கைதான். ரொம்ப நாளு கடோத்கஜன் பீச்சாங்கைப் பழக்கக்காரன்னுதான் நெனச்சிருந்தேன்."

பேருந்து வரும்வரை சிரித்துக்கொண்டே நின்றோம்.

'மாயா பஜார்' 1957-ல் வந்த படம். வடபழனியில் விஜயா வாகினி ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் வரும் துவாரகை நகரம் பொம்மை வீடுகளால் கட்டி, விளக்கு ஏற்றி, மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவில் பிடித்தது. ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குச் செய்ததை நம்மவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டார்கள் என்று கவினிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. ஹோட்டலுக்குத் திரும்பியதும் காட்டினேன். அந்த வாகினி ஸ்டூடியோ ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. இப்போது அந்த வளாகத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஒரு நட்சத்திர ஹோட்டல், மேம்பாலத்துக்கு மட்டும் ஜெமினி என்று பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடோத்கஜன் லட்டு சாப்பிட்ட இடத்தைத் தேடிப் போனால் கார் நிறுத்தத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

ஒரு வழியாக மகிழ்மதிக்கு வந்தோம்.

சொல்லிவிடுகிறேன், முதலில் கவினுக்கு ஏமாற்றம். படத்தில் வானத்தைத் தொடும் கோட்டை, நேரில் நம்ம ஊர் நான்கு மாடிக் கடைவரிசை உயரம்கூடத் தேறுமா என்று சந்தேகம். படத்தில் பார்த்த நகரத்தில் பெரும்பகுதி கணினியில் பிறந்தது. நடிகர்கள் நடக்கும் தரை, தொடும் சுவர், ஏறும் படி, இவ்வளவுதான் இங்கே கட்டியது. "அருவி எங்க?" என்று கேட்டான். அது கேரளத்தின் அதிரப்பள்ளி என்று வழிகாட்டி சொன்னார், அதையும் கணினியில் பல மடங்கு வளர்த்திருக்கிறார்கள். பனிமலை? பல்கேரியா. கவின் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அருவியைத் திருடிவிட்டேன் போலிருந்தது.

ஆனால் பக்கத்தில் போகப் போக அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது. யானைச் சிலைகளின் தும்பிக்கை மடிப்பு, சுவரில் கல்லுக்குக் கல் இருக்கும் வெடிப்பு, மழை வழிந்து பாசி பிடித்தது போலத் தீட்டிய கறை. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு அங்குலத்துக்கும் வயதைக் கொடுத்திருக்கிறார். இந்த ஊரைக் கற்பனை செய்து கட்டிய கலை இயக்குநர் சாபு சிரில், வால்பாறைக்காரர். ஆமாம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அதே வால்பாறை. சென்னை கவின் கலைக் கல்லூரியில் படித்து, நான்கு முறை தேசிய விருது வாங்கியவர். 'எந்திரன்' அவர் செய்ததுதான். பல்வாள்தேவனின் ரதத்துக்குள் ராயல் என்ஃபீல்டு மோட்டார் எஞ்சினை ஒளித்து வைத்து ஓட்டியதாக அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்ட பிறகு கவினுக்கு அருவி மறந்துவிட்டது. ரதத்தைப் பற்றியே ஒரு மணி நேரம்.

காலகேயர் பேசும் 'கிளிக்கி' மொழியும் நம்ம ஆள் செய்தது. தமிழ் வசனம் எழுதிய மதன் கார்க்கிதான் ஏறக்குறைய 750 சொல், 40 இலக்கண விதி என்று அதற்கு ஒரு மொழியே உண்டாக்கினார். கவினுக்கு அதில் நாலு வரி தெரியும். சிம்மாசனத்துக்கு முன் நின்று அதைக் கத்தினான். குஜராத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பயந்து விலகிப் படமெடுத்தது.

அம்மா கோட்டைச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. எனக்குச் சத்தத்தை வைத்தே தெரிந்தது, உள்ளே வெற்றிடம். அம்மா இன்னும் நாலு இடத்தில் தட்டினார். மரத்தைத் தட்டிப் பார்க்கும் பழக்கம். அப்புறம் யாரையும் கேட்காமல் சுவரின் ஓரமாக நடந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நானும் போனேன். இரும்புக் குழாய்கள், குறுக்குச் சட்டங்கள், பிளைவுட் பலகைகள், பென்சிலால் எழுதிய அளவுகள். முன்னால் ஆயிரம் வருடக் கோட்டை, பின்னால் கட்டுமான வேலை நடக்கும் கடைவீடு.

"பின்னால இருந்து பாத்தாத்தான் எல்லாம் புரியுது" என்று அம்மா சொன்னதும், திரைக்குப் பின்னால் உட்கார்ந்த பிள்ளைக் கூட்டம் எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கேதான் அந்த அம்மாளைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும். நீண்ட பிடி வைத்த துடைப்பத்தால் முற்றத்துச் சருகுகளை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு. அவர்கள் லயத்தில் ஓடியாடி வளர்ந்ததால் அம்மாவுக்கு அரைகுறைத் தெலுங்கு வரும். சௌக்கியமா என்று கேட்டதும் அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுவிட்டார். இரண்டு பேரும் பேசியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அம்மா அப்புறம் சொன்னார்.

தினமும் காலையில் சுற்றுலாக்காரர்கள் வருவதற்கு முன் பெருக்க வேண்டும். மதியம் ஒரு முறை. மழைக்காலம் முடிந்தால் வண்ணம் பூச ஆட்கள் வருவார்கள். வெயிலில் வெளுத்த இடத்தில் பழையபடி பாசிக் கறை தீட்டுவார்கள். காற்றடித்து ஏதாவது பெயர்ந்தால் உடனே வந்து ஒட்டுவார்கள்.

"படம் வந்து எட்டு வருசம் ஆச்சே" என்று அம்மா கேட்டாராம். "இன்னுமா பெருக்குறீங்க?"

"பெருக்கலேன்னா ஊரு பாழாப் போயிடாதா" என்றாராம் அந்த அம்மாள்.

நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள் என்று பதிலுக்குக் கேட்டார். அம்மா இடது கையால் கற்பனையாக ஒரு மரத்தைப் பிடித்து, வலது கையால் உளியை இழுத்துக் காட்டினார். மங்கு வைத்துக் காட்டினார். இருபது வருடத்துக்கு மேல் உளி பிடிக்காத கை, கோணம் கொஞ்சமும் தவறவில்லை. அந்த அம்மாளுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார். கவின் பக்கத்தில் வந்து நின்று, "பாட்டி, அது என்ன ஸ்டெப்?" என்று கேட்டான். ஏதோ நடனம் என்று நினைத்துவிட்டான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பிறந்தது சிரம்பான் தனியார் மருத்துவமனையில், வளர்ந்தது தாமானில். பால்மரத்தை அவன் பார்த்தது பாடப் புத்தகத்தில்.

மதியச் சாப்பாட்டின்போது அம்மா அதிகம் பேசவில்லை. ஹைதராபாத் பிரியாணி காரம் என்று நினைத்தேன். கவின் கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரே காலையில் இருநூற்றுப் பதினாறு படம். சிம்மாசனத்தில், யானைத் தும்பிக்கையில், தேவசேனை கட்டப்பட்டுக் கிடந்த இடத்தில், கோட்டைவாசலில்.

"நம்ம வீட்டுக்கு ஒரு படம்தான் இருக்கு" என்றார் அம்மா திடீரென்று.

தோட்டத்து வீட்டைச் சொல்கிறார். அக்காவின் முதல் பிறந்த நாளுக்கு எடுத்தது. அதிலும் வீடு இல்லை, பாதிக் கதவும் ஒரு வாளியும்தான். 1998-ல் நிர்வாகம் நிலத்தை விற்றபோது எனக்குப் பத்து வயது. காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது, கூட்டம் போட்டார்கள், கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். சிலர் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள், சிலர் உறவுக்காரர் வீட்டுக்கு. நாங்கள் லாரியில் சாமான் ஏற்றிய மறுவாரம் அப்பா மறந்துவிட்ட அம்மிக் கல்லை எடுக்கத் திரும்பப் போனார். லயம் முழுக்க இடித்துத் தள்ளியிருந்ததாம். எது நம்ம வீடு என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மி இல்லாமல்தான் வந்தார். ஆறு வருடத்துக்கு முன் போய்ச் சேரும் வரை அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவர் பேசியதில்லை.

"இல்லாத ராசாவுக்குக் கோட்டை கட்டி, அதப் பெருக்கவும் ஒரு ஆளு போட்டிருக்காங்க" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லாத்தான் வெச்சிருக்காங்க" என்றார்.

நியூசிலாந்தில் மாத்தாமாத்தா என்ற ஊரில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்காக ஒரு ஆட்டுப் பண்ணையில் கட்டிய ஹாபிட் கிராமம் இருக்கிறது. முதல் முறை தற்காலிகமாகக் கட்டிப் பெரும்பாலும் பிரித்துவிட்டார்கள். ஆனால் மிச்சம் இருந்த ஓட்டைகளைப் பார்க்கவே மக்கள் தேடி வந்தார்கள். அதனால் அடுத்த படவரிசைக்கு, இனி நிரந்தரமாக நிற்கும்படி உறுதியான பொருள்களில் மறுபடி கட்டினார்கள். வானொலியில் இதை ஒரு சுவாரசியத் தகவலாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யாராவது தேடி வந்தால்தான் ஓர் இடம் நிற்கும் என்பதை அம்மா எதிரில் உட்கார்ந்துதான் யோசித்தேன். எங்கள் தோட்டத்தைத் தேடி நானே போனதில்லை. நெடுஞ்சாலையில் அந்த வெளியேற்றத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக மைக் பிடிக்கிறேன். அமைச்சர், பாடகர், மாரத்தான் ஓடிய தாத்தா, நாசி லெமாக் விற்றுப் பிள்ளைகளை டாக்டராக்கிய அம்மா என்று எத்தனையோ பேரைப் பேச வைத்திருக்கிறேன். என் அம்மாவின் குரல் ஒரு நிமிடம்கூட என்னிடம் பதிவாக இல்லை.

போக நினைக்கும் குடும்பங்களுக்கு ஓரிரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், ஏப்ரல், மே வெயில் நம்ம வெயில் மாதிரி இல்லை. டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள், வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், முழு நாளும் ஆகும். பெரியவர்களைக் கூட்டிப் போனால் பேருந்து நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பூங்காவில் உட்கார்ந்தாலே பொழுது போகும். பாகுபலி செட்டை முடிந்தால் காலையிலேயே பாருங்கள், மதியத்துக்கு மேல் சிம்மாசனத்துக்கு வரிசை நீண்டுவிடுகிறது. பிள்ளைகளிடம் அருவி இருக்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள். என் போல் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சிரம்பான் திரும்பி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன், தோட்டத்துக்குப் போகலாம் என்று. "அங்க என்ன இருக்கு?" என்றார். ஆனால் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

இப்போது அது வேலியடைத்த தாமான். வாசலில் தடுப்புக் கம்பம். நேப்பாளக் காவலாளி குனிந்து காடிக்குள் பார்த்து, "மாவ் ஜும்பா சியாப்பா?" என்று கேட்டார். வீட்டு எண் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பின் இருக்கையிலிருந்து அம்மா, "ரூமா லாமா. சாயா புன்யா ரூமா லாமா" என்றார். அந்தத் தம்பி அம்மாவை ஒரு கணம் பார்த்தார். என் அடையாள அட்டையை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

எல்லாம் ஒரே மாதிரி இரட்டை மாடி வீடுகள். எனக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. அம்மாவும் முதல் இரண்டு தெருவில் தடுமாறினார். மேடு மட்டும் மாறவில்லை. சாலை ஏறி இறங்கிய ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று, மேட்டைப் பார்த்து, கையை நீட்டி அளந்தார். அப்புறம் நடக்கத் தொடங்கிவிட்டார். இங்கதான் பெரட்டு களம், அஞ்சு மணிக்கெல்லாம் பேர் கூப்புடுவாங்க. அதோ அந்த வெள்ளைக் காடி நிக்கிற எடம் ஆயாக் கொட்டகை, உங்கம்மாவையும் சித்தியையும் அங்கதான் போட்டுட்டு வெட்டுக்குப் போவேன். இது மேட்டு லயம். இது பள்ளத்து லயம். திடல் இங்க, திரை இப்படிக் கட்டுவாரு உங்க தாத்தா.

கவின் ராமோஜியில் வழிகாட்டியின் பின்னால் போனது போலவே பின்னால் போய்க்கொண்டிருந்தான். ஓரிடத்தில், "பெரட்டுன்னா என்ன பாட்டி?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்து, கைப்பேசியை எடுத்துப் பதிவு பொத்தானை அழுத்தினேன்.

மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். தொழில்முறையில் பார்த்தால் மோசமான பதிவு. காற்று இரைகிறது, யார் வீட்டிலோ நாய் விடாமல் குரைக்கிறது, இரண்டு முறை மோட்டார் போகிறது. இருபதாவது நிமிடத்தில் கவின் ஓடும் செருப்புச் சத்தம் கேட்கும். உடனே அம்மாவின் குரல், தார்ச் சாலையின் நடுவில் நின்று பதறிப்போய்: "டேய், அந்தப் பக்கம் போகாத. அங்க கெணறு இருக்கு."